சூரியனைச் சுற்றும் பாதையும் மலைக்கு வரும் மழையும்

இலங்கையின் மலையகத்தில், பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது வெளியே மழை. மறுபக்கம் ஓஹிய பக்கமாக வந்து விழுந்தால் வெயில். ஜூன், ஜூலையில் பதுளை ரயிலில் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது. வட்டவளை, கினிகத்தேனை பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதற்கு அந்த ஏற்றம்தான் முக்கிய காரணம். அதே காற்று முகட்டைத் தாண்டி கிழக்குப் பக்கத்து ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரம் இழந்து வறண்டு போயிருக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனிச்சுவை தருவது அந்த வறண்ட காற்று. டிசம்பர் வந்தால் முறை மாறிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, பசறை, மடுல்சீமை பக்கம் மழையைக் கொண்டுவரும். தலவாக்கலை, லிந்துலை பக்கம் வானம் வெளுத்து, தை, மாசியில் தரமான கொழுந்து கிடைக்கும்.

ஆண்டுக்கு எவ்வளவு மழை என்பதை மட்டும் வைத்து மலையகத்தில் எதையும் சொல்லிவிட முடியாது. எந்த மாதம், எந்தச் சரிவு, விட்டுவிட்டுப் பெய்ததா, ஒரே நாளில் கொட்டித் தீர்த்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பூமியின் பாதை மழையை எப்படி மாற்றுகிறது என்று விளங்கிக்கொள்ளவும் இதே கேள்விகள்தான் உதவும். ஏனென்றால் அந்தப் பாதை, சூரியனிடமிருந்து ஒரு வருடத்தில் வரும் மொத்த வெப்பத்தை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. அந்த வெப்பம் எந்தப் பருவத்தில், எந்த அரைக்கோளத்தில் அதிகம் விழும் என்பதைத்தான் மாற்றுகிறது.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல, கொஞ்சம் நீண்ட வட்டம். இன்று ஜனவரி முதல் வாரத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம், ஏறக்குறைய 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், 15 கோடி 21 இலட்சம் கிலோமீற்றர். இந்த 50 இலட்சம் கிலோமீற்றர் வித்தியாசத்தால் பூமிக்கு வந்து சேரும் ஒளி சுமார் 7 சதவீதம் கூடிக் குறைகிறது. வட அரைக்கோளத்தில் கோடை நடக்கும்போது சூரியன் தொலைவில் இருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆசியாவின் கோடைப் பருவமழை, பாதைக் கணக்கின்படி, இப்போது பலமான நிலையில் இல்லை.

இது நிரந்தரமும் இல்லை. பூமியின் அச்சு நோக்கும் திசை மெல்லச் சுழல்கிறது, பாதையின் நீள்வட்டமும் சேர்ந்து திரும்புகிறது. இரண்டும் கூடி, சூரியனுக்கு நெருங்கிய நாளை ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்கும், ஜூலைக்கும், ஒக்டோபருக்கும் நகர்த்திக் கொண்டுபோய், சராசரி 21,000 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. அச்சின் சாய்வும் 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே 41,000 ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறது. அதன் தாக்கம் துருவங்களை அண்டிய நாடுகளில்தான் அதிகம். மூன்றாவது, பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது. ஏறக்குறைய வட்டமாகவே ஆகி, பிறகு நீண்டு, மறுபடி வட்டமாகும். இதற்கு ஏறத்தாழ 1,00,000 ஆண்டுச் சுற்றும் 4,05,000 ஆண்டுச் சுற்றும் உண்டு.

பாதை நீள்வதால் ஆண்டின் மொத்த வெப்பம் 0.2 சதவீதம்கூட மாறாது. அப்படியானால் அது ஏன் முக்கியம்? ஒரு தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் சுற்று வாரத்துக்கு ஒருமுறை போல வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு சுற்றில் எத்தனை கிலோ கிடைக்கும் என்பது, அந்த மலை கவ்வாத்து வெட்டி எத்தனையாவது வருடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 21,000 ஆண்டுச் சுற்றுக்கும் பாதையின் நீட்சிக்கும் உள்ள உறவு அதுதான். பாதை வட்டமாக இருந்தால் நெருங்கிய நாள் எந்த மாதத்தில் வந்தாலும் வித்தியாசமில்லை. நன்றாக நீண்டிருந்தால் நெருங்கிய நாளுக்கும் தொலைவான நாளுக்கும் இடையே ஒளி கிட்டத்தட்ட கால் பங்கு வேறுபடும். அப்போது பருவமழை ஒரு பத்தாயிரம் ஆண்டு வெளுத்து வாங்கும், அடுத்த பத்தாயிரம் ஆண்டு சுருங்கிவிடும்.

இந்தச் சுழற்சிகளைப் பற்றிப் படித்தவர்கள் பெரும்பாலும் பனியுகத்தோடு சேர்த்துத்தான் படித்திருப்பார்கள். அது நியாயம்தான். கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியில் கட்டடப் பராமரிப்பாளராக வேலை செய்துகொண்டே அங்கிருந்த நூலகத்தில் படித்த ஜேம்ஸ் குரோல் 1864இல் எழுதியதும் பனியுகங்களைப் பற்றி. செர்பியக் கணிதவியலாளர் மிலுட்டின் மிலன்கோவிச் 1941இல் வெளியிட்ட பெரிய கணக்கும் வடதுருவப் பக்கத்துக் கோடை வெயில் பனியை உருக்குமா உருக்காதா என்பதைச் சுற்றியே இருந்தது. கடலடிச் சேற்றை வைத்து ஹேய்ஸ், இம்ப்ரி, ஷக்கில்டன் மூவரும் 1976இல் அதை உறுதிப்படுத்தினார்கள்.

ஆனால் பூமியின் வரலாற்றில் பெரிய பனிப்பாளங்கள் இருந்த காலத்தைவிட இல்லாத காலமே அதிகம். 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு அந்தார்ட்டிக்காவில் காடு இருந்தது. அதன் மண்ணும் வேர்களும் மகரந்தமும் கடலடியில் துளையிட்டபோது கிடைத்தன. 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட துருவத்துக்கு அருகிலுள்ள எல்ஸ்மியர் தீவில் முதலை இனங்கள் வாழ்ந்தன. அன்று காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 1,000 பங்கைத் தாண்டியிருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280, இன்று 420க்கு மேல். உருகப் பனியே இல்லாத அந்த உலகிலும் பூமியின் பாதை மாறிக்கொண்டுதான் இருந்தது. அந்த மாற்றம் மழையில் வெளிப்பட்டது. என் பார்வையில், பாதைச் சுழற்சிகளை விளங்கிக்கொள்ள அந்தச் சூடான உலகம்தான் பனியுகத்தைவிடத் தெளிவான இடம்.

ஏன் என்பதற்கு ஹோர்ட்டன் சமவெளியையே எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில், சதுப்புக்களில் சேர்ந்த மக்கிய மண்ணில் சுமார் 24,000 ஆண்டுகளின் மகரந்தம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் அந்தச் சமவெளி வறண்டிருந்தது என்று அது காட்டுகிறது. பிறகு பருவமழை பலப்பட்டு, மலைக்காடு விரிகிறது. அதற்குப் பின் மறுபடி மழை குறைந்த ஒரு நீண்ட கட்டமும் தெரிகிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் சூரியனுக்கு நெருங்கிய நாள் வட அரைக்கோளத்தின் கோடையில் விழுந்தது. ஜோன் கட்ஸ்பாக் 1981இல் வெளியிட்ட கணினிக் கணக்கில், 9,000 ஆண்டுகளுக்கு முன் கோடை ஒளி இன்றைவிட சுமார் 7 சதவீதம் அதிகம். அது மட்டுமே ஆபிரிக்கா, ஆசியாவின் பருவமழையை நன்றாகப் பலப்படுத்தப் போதுமாக இருந்தது. சகாரா பாலைவனத்தில் அன்று ஏரிகள் இருந்ததற்கும் அதுவே விளக்கம்.

ஹோர்ட்டன் சமவெளியின் கதையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே தெரியும் வறட்சிக்கு எத்தனை பங்கு பாதையால், எத்தனை பங்கு தொலைவில் கிடந்த பனிப்பாளங்களாலும் குளிர்ந்த கடலாலும் வந்தது என்று பிரிப்பது கடினம். இரண்டும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தன. பனி இல்லாத காலத்துக்குப் போனால் அந்தக் குழப்பம் பெருமளவு தீர்கிறது.

சரி, அந்தக் காலத்து மழைக்கு நம் மலைப்பாறையில் சாட்சி உண்டா? இல்லை. மலையகத்தின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. டைனோசர் காலத்து ஏரிச்சேறு எதுவும் அவற்றின் மேல் மிஞ்சவில்லை. தப்போவ பக்கம், புத்தளம் மாவட்டத்தில், ஜுராசிக் காலத்துச் செடிகளின் புதைபடிவங்கள் உள்ள படிவுகள் சிறிதளவு உண்டு, அவ்வளவுதான். அன்று இலங்கை இந்தியாவோடு ஒட்டி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பகுதியாகக் கிடந்தது. ஆகவே கதைக்கு வேறு நாடுகளுக்குத்தான் போக வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி, பென்சில்வேனியா பகுதியில் உள்ள நியூவர்க் பள்ளத்தாக்கு இதில் முதன்மையானது. 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட திரையாசிக் காலத்தில் அது நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது. நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்தில் பெரிய ஏரி. மழை நன்றாகப் பெய்த காலத்தில் ஏரி ஆழமாகி, அடியில் காற்றுப் புகாத கறுப்புச் சேறு படிந்தது. அதில் மீன்களின் புதைபடிவங்கள் முழுசாக இருக்கின்றன. மழை குறைந்தபோது ஏரி வற்றி, வெடித்த சிவப்புச் சேறாகி, அதன் மேல் ஊர்வனவும் டைனோசர்களும் நடந்து போன தடங்கள் பதிந்தன. கறுப்பு, சாம்பல், சிவப்பு, மறுபடி கறுப்பு என்று இந்த மாற்றம் ஏறக்குறைய 20,000 ஆண்டுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. போல் ஒல்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் அங்கே பல கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறைத் தண்டுகளைத் துளையிட்டு எடுத்தார்கள். ஏரி எல்லாச் சுற்றிலும் ஒரே அளவு நிரம்பவில்லை என்பதை அவற்றில் பார்க்கலாம். சில சுற்றுகளில் ஆழமான ஏரி, சிலவற்றில் வெறும் ஈரம். அந்த ஏற்ற இறக்கம் 1,00,000 ஆண்டுத் தொகுதிகளாகவும் 4,05,000 ஆண்டுத் தொகுதிகளாகவும் அடுக்கியிருக்கிறது. பாதை நீண்டிருந்தபோது ஏரி மிக ஆழமாகவும் மிக வறண்டும் மாறிமாறிப் போயிருக்கிறது. வட்டமாக இருந்தபோது இரண்டுமில்லாமல் நடுத்தரமாக இருந்திருக்கிறது.

அந்த 4,05,000 ஆண்டுச் சுற்று வெள்ளி, வியாழன் என்ற இரண்டு கிரகங்களின் ஈர்ப்பால் வருகிறது. வியாழன் அத்தனை பெரிது என்பதால் அதன் கணக்கு எளிதில் கலைவதில்லை. மற்றச் சுற்றுகள் அப்படியல்ல. சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீற்றர் விலகிப் போய்க்கொண்டிருப்பதால், பழைய காலத்தில் அது அருகில் இருந்தது, அச்சின் சுழற்சியும் வேகமாக இருந்தது. ஆகவே பழைய பாறைகளில் காலம் அளக்க 4,05,000ஐத்தான் நம்பலாம். நியூவர்க் பாறைகளை அரிசோனாவில் எரிமலைத் துகள்களால் காலம் கணித்த பாறைகளோடு ஒப்பிட்டு, அந்தச் சுற்று 21.5 கோடி ஆண்டுகளாக மாறவில்லை என்று 2018இல் காட்டினார்கள். மழையால் நிரம்பி வற்றிய ஓர் ஏரியின் சேறு கிரகங்களின் ஓட்டத்தையே சரிபார்க்க உதவியது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

இது முழுக்கப் புதிய யோசனையும் அல்ல. கொலராடோவில், டைனோசர்கள் வாழ்ந்த சூடான கிரீட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்பும் களியும் மாறிமாறி அடுக்கியிருப்பதைப் பார்த்த குரோவ் கார்ல் கில்பர்ட், அதற்கு அச்சின் சுழற்சியே காரணமாகலாம் என்று 1895இலேயே எழுதினார். 1929இல் வில்மொட் பிராட்லி வயோமிங் பக்கத்தில் 5 கோடி ஆண்டு பழமையான கிறீன் ரிவர் ஏரிப் படிவுகளில் ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்குகளைக் கணக்கிட்டார். அங்கே கண்ட பெரிய அடுக்குகளின் இடைவெளி சுமார் 21,000 ஆண்டு என்று வந்தது. ஏரி நிரம்பிய காலங்களில் எண்ணெய்ச் சத்துள்ள களி படிந்தது. வற்றிய காலங்களில் உப்புப் படிவு. அந்த உப்புக்களில் ஒன்றான துரோனாவை இன்றும் வயோமிங்கில் வெட்டி எடுத்துச் சோடாத் தூள் தயாரிக்கிறார்கள்.

சூடான உலகில் மழையின் ஊசலாட்டம் ஏன் பெரிதாகிறது? காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆனால் உலகின் மொத்த மழை ஒரு பாகைக்கு 2, 3 சதவீதம் மட்டுமே கூடுகிறது, ஏனென்றால் மேலெழும் ஈரம் குளிர்ந்து மழையாகும்போது வெளிவரும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு விட்டாக வேண்டும். 7க்கும் 3க்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிதான் முக்கியம். பெய்யும்போது பலமாகப் பெய்யும். இரண்டு மழைக்கு இடையில் வெயில் நீளும். இதன் மேல் பாதை நீண்ட காலத்துக் கோடை வெயிலும் சேர்ந்து, நிலம் கடலைவிட மிக வேகமாகச் சூடேறினால், பருவக்காற்று இன்னும் நிறைய ஈரத்தை இழுத்து வரும்.

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதற்குச் சாட்சி. பெருமளவு கரிமம் காற்றிலும் கடலிலும் கலந்து, பூமி 5, 6 பாகை மேலும் சூடாகி, சுமார் 2,00,000 ஆண்டு அப்படியே இருந்தது. ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில் அந்தக் கட்டம் தொடங்கும் இடத்தில், அதுவரை மென்மையான களிமண் படிந்த சமவெளியில் திடீரென்று கூழாங்கல்லும் பாறைத்துண்டும் பரவியிருக்கின்றன. பருவத்துக்கு வந்த பெருவெள்ளம் மலையிலிருந்து அடித்துக் கொண்டுவந்தவை அவை. வயோமிங்கின் பிக்ஹோர்ன் பள்ளத்தாக்கிலோ மண் வறட்சியின் அடையாளங்களைக் காட்டுகிறது. ஒரே சூடேற்றம், ஓரிடத்தில் வெள்ளம், இன்னோர் இடத்தில் வறட்சி. அந்தப் பெரிய நிகழ்வுக்குப் பிறகு வந்த சிறு சூடேற்றங்கள் பல, பாதை மிக நீண்டிருந்த காலங்களோடு ஒத்துப்போகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதே பிக்ஹோர்னில் ஏழெட்டு மீற்றருக்கு ஒருமுறை மணலும் மண்ணும் மாறுவதைப் பாதையின் கைவேலை என்கிறார்கள். ஆனால் ஆறு தானாகவே வழி மாறினாலும் அப்படி அடுக்கு உண்டாகும். அடுக்கு அடுக்காக எதைப் பார்த்தாலும் கிரகங்களைக் காரணம் காட்டிவிட முடியாது. 21,000, 1,00,000, 4,05,000 என்ற மூன்றும் சரியான விகிதத்தில் சேர்ந்து வந்தால்தான், அதுவும் எரிமலைச் சாம்பல் போன்ற தனிக் காலக்கணக்கோடு பொருந்தினால்தான், நம்பலாம்.

அப்புறம், நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கே உரிய ஒரு விசேஷமும் உண்டு. இலங்கையில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் ஓகஸ்ட்-செப்டெம்பரிலும், தலைக்கு நேரே வருகிறது. ஆகவே நெருங்கிய நாள் அந்த இரண்டு பருவங்களில் எதில் விழுந்தாலும் வெயில் உச்சம் கூடும். 21,000 ஆண்டில் ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை. கிளிமஞ்சாரோ மலையடியில் உள்ள சல்லா ஏரியின் அடிச்சேற்றில் 25,000 ஆண்டு மழைவரலாற்றை ஆராய்ந்தவர்கள் இந்த அரைச்சுற்றை 2009இல் கண்டார்கள். இரண்டு பருவக்காற்றும், இரண்டு இடைப்பருவ இடிமழையும் உள்ள எங்கள் மலைக்கு 'பருவமழை பலப்பட்டது' என்ற ஒற்றை வாக்கியம் போதாது. தென்மேற்குக் காற்று பலப்பட்டால் மஸ்கெலியாவுக்கு வெள்ளம். ஹப்புத்தளைக்குக் கீழே, ஊவாவின் மழைமறைவில், அதே காற்று இன்னும் கடுமையாக உலர்த்தும்.

இனி பாதை எப்படிப் போகும் என்பது தெரிந்த கணக்கு. ஏறக்குறைய 10,000 ஆண்டில் சூரியனுக்கு நெருங்கிய நாள் மறுபடி ஜூலைப் பக்கம் வரும். ஆனால் பாதை இப்போது வட்டமாகிக்கொண்டே போகிறது, சுமார் 27,000 ஆண்டில் கிட்டத்தட்ட முழு வட்டமாகிவிடும். ஆகவே அந்த ஜூலை 11,000 ஆண்டுக்கு முந்திய ஜூலை அளவுக்குப் பருவமழையைத் தூக்காது. இந்த நூற்றாண்டில் மலையக மழையில் நடக்கும் எந்த மாற்றத்தையும் பாதையின் கணக்கில் எழுத முடியாது. அது அத்தனை மெதுவானது. காபனீரொட்சைட்டு கூடும் வேகமோ 5.6 கோடி ஆண்டுக்கு முந்திய அந்தச் சூடேற்றத்தின்போது இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

பிரனீஸ் கூழாங்கற்கள் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்கு அந்த ஆண்டின் மொத்த மழை காரணமல்ல. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த சரிவில் தொடர்ந்து பெய்த மழைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு முக்கியமாக 24 மணி நேர மழையைத்தான் பார்க்கிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறுதல். சூடான காற்றில் ஆண்டு மொத்தம் அப்படியே இருக்க, 150ஐத் தாண்டும் நாட்கள் கூடலாம். தோட்ட ஒபீஸ்களில் மழைமானியைப் பார்த்துத் தினமும் காலையில் எழுதிவைத்த பழைய கணக்குப் புத்தகங்கள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. பூச்சியும் பூஞ்சணமும் தின்பதற்கு முன் அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது மாதக் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு நாள் கணக்கை விட்டுவிடக் கூடாது. தேவையான விஷயம் நாள் கணக்கில்தான் இருக்கிறது.